லேபர் வார்டுக்குப் போகும் ஹவுஸ் சர்ஜன்களுக்கு

மகப்பேறு போஸ்டிங் வருகிற ஜூனியர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டெலிவரி பார்க்கக் கிடைக்கும்?" என்றுதான். அரசு மருத்துவமனையில் அதற்குப் பஞ்சமே இல்லை. பஞ்சமெல்லாம் ஆட்களுக்கும் கருவிகளுக்கும்தான். நான் இருந்த வார்டில் குழந்தையின் இதயத்துடிப்பையும் வலியையும் பேப்பரில் பதியும் சி.டி.ஜி. மெஷின் ஒன்றே ஒன்று. பேப்பர் தீர்ந்தால் அடுத்த ரோல் வர நாளாகும். இரவில் மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. டாக்டர் ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டால் சிஸ்டரும் நீங்களும்தான்.

அதனால் வினாடி முள் உள்ள கைக்கடிகாரம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கிளவுஸ் போட்ட கையால் போனை எடுக்க முடியாது.

வலியைக் கணக்கெடுக்க, வயிற்றின் மேல்பகுதியில் உள்ளங்கையை வைத்துப் பத்து நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். இளகியிருந்த வயிறு மெல்ல இறுகும், விரலால் அமுக்கினாலும் குழியாத அளவுக்குக் கெட்டியாகும், அப்புறம் தளரும். எத்தனை முறை, ஒவ்வொன்றும் எத்தனை வினாடி என்று அப்போதே எழுதுங்கள். பத்து நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் போனால், கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் டிரிப் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் பி.ஜி.க்குச் சொல்லி அனுப்புங்கள். வலி தளர்ந்ததும் குழந்தையின் இதயத்துடிப்பை முழுசாக ஒரு நிமிடம் கேளுங்கள். முதல் கட்டத்தில் அரை மணிக்கு ஒரு தடவை, முக்க ஆரம்பித்த பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. பிரசவம் நடக்கும்போதே அதன் போக்கைக் குறித்துவர வேண்டிய பார்ட்டோகிராஃப் தாளை, பிரசவம் முடிந்தபின் மொத்தமாக நிரப்புகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. முடிந்துபோன பிரசவத்துக்கு அந்தத் தாள் எதற்கு?

இன்னொன்று. அந்தப் பத்து நிமிடம் அந்தப் பெண்ணுக்கும் தேவை. "டாக்டரம்மா, கொஞ்ச நேரம் இங்கேயே இருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு. வலியில் கத்துபவரை அதட்டுவதை வேலையின் ஒரு பகுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே விடலாம். வெளியே நிற்கும் அம்மாவையோ மாமியாரையோ நீங்களே போய்க் கூப்பிடுங்கள்.

நான் அதிகம் பயப்படச் சொல்வது பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்குக்கு. கண்ணால் பார்த்துச் சொல்லும் அளவு பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். ரத்தத்தைப் பிடித்து அளக்கும் அளவு குறித்த விரிப்பு இல்லையென்றால் நனைந்த துணியை எடை போடுங்கள். காய்ந்த துணியின் எடையைக் கழித்தால், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், அந்த விரிப்பால் அளந்து உடனே சிகிச்சையை ஆரம்பித்த மருத்துவமனைகளில் கடுமையான ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. பிரசவம் ஆனபின் முதல் இரண்டு மணி நேரம், கால் மணிக்கு ஒரு தடவை தொப்புளுக்குக் கீழே கை வைத்துப் பாருங்கள். கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் தேய்த்துக்கொண்டே ஆள் கூப்பிடுங்கள்.

டியூட்டி ஏறியதும் ஆக்ஸிடோசின் ஃபிரிட்ஜில் இருக்கிறதா, ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு டப்பாவில் ரத்தப்போக்குக்கான மருந்துகளான டிரானெக்ஸாமிக் ஆசிட், மிசோபிரோஸ்டால், டிரிப் ஏற்ற நரம்பில் போடும் பெரிய வென்ஃப்ளான் இரண்டு, சிறுநீர் எடுக்கும் குழாயான ஃபோலி கதீட்டர், ஆணுறை, கட்ட நூல், சலைன் எல்லாம் சேர்த்து வையுங்கள். ஆணுறையைக் கதீட்டரில் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்துச் சலைன் நிரப்பி ரத்தத்தை நிறுத்தும் முறையை உருவாக்கியவர் வங்கதேசத்தின் டாக்டர் சயேபா அக்தர். விலையுயர்ந்த பலூன் வாங்க வழியில்லாத ஊருக்காகச் செய்தது. அதைக் கட்டும் விதத்தை அவசரம் வருவதற்கு முன்பே சீனியர் சிஸ்டரிடம் கேட்டு ஒருமுறை கட்டிப் பாருங்கள். டப்பாவிலிருந்து எதை எடுத்தாலும் டியூட்டி மாறுவதற்குள் திரும்ப வைத்துவிடுங்கள்.