பாப்பாவும் நானும் வெளிய சுத்துன கணக்கு

20 டிசம்பர் 2025, சனி

எங்கம்மா வீட்டு மாட்டுக்கொட்டகை ஓரத்துல, மழைத்தண்ணி படாத பொடிமண்ணுல குழி குழியா கிடந்துச்சு. குழியானை, பொடிமண்ணுல குழி பறிச்சு அடியில ஒளிஞ்சு எறும்பு பிடிக்கிற பூச்சி. எனக்கே மறந்து போன விஷயம், பாப்பா தான் முதல்ல பாத்தா, "அம்மா மண்ணுல யாரோ விரலை வச்சு அமுக்கிருக்காங்க"ன்னு. சரி உக்காருன்னு ரெண்டு பேரும் குத்தவச்சு உக்காந்துட்டோம். ஒரு கட்டெறும்பு தானா வந்து வழுக்கி விழுந்துச்சு, ஏறப் பாக்குது, கீழருந்து மண்ணை வாரி வாரி அடிக்குது, எறும்பு சரியுது, திரும்ப ஏறுது. கடைசில ரெண்டு கொடுக்கு மட்டும் வெளிய வந்து ஒரே இழுப்பு. பாப்பா மூச்சே விடல.

அப்புறம் மண்ணோட அள்ளி உள்ளங்கையில விட்டேன், பின்பக்கமாவே நடந்து விரல் இடுக்குல பூந்துக்கப் பாத்துச்சு. இது வளந்தா தட்டான் மாதிரி றெக்கை வச்சு ராத்திரில பறக்கும்னு சொன்னேன், நம்பல. புழுவா இருக்க வரைக்கும் கக்கா போகவே போகாது, எல்லாத்தையும் வயித்துக்குள்ளயே வச்சிருந்து றெக்கை வந்த பிறகு தான் போகும்னு சொன்னதும், அதை மட்டும் உடனே நம்பிட்டா. சாயங்காலத்துக்குள்ள தெருவுல ஒருத்தர் விடாம அத்தனை பேர்கிட்டயும் சொல்லியாச்சு.

26 டிசம்பர், வெள்ளி

அரையாண்டு லீவு. டிவி ரிமோட்டை ஒளிச்சு வச்சுட்டு மொட்டை மாடிக்குப் போனோம். ஒரு குச்சியை மண்தொட்டியில நேரா நட்டு, நிழல் முனையில புளியங்கொட்டை வைக்கணும், பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு, அவ்வளவு தான் விளையாட்டு. உச்சி வெயில்ல நிழலே இருக்காதுன்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க, பாப்பா அதையே பிடிச்சுக்கிட்டா. ஆனா மார்கழில சூரியன் நம்ம தலைக்கு நல்லா தெக்க தள்ளித்தான் போகுது, நிழல் எப்ப பாத்தாலும் வடக்க தான் கிடக்கும். நிழல் ரொம்பக் குட்டையா ஆனது கூட 12 மணிக்கு இல்ல, 12.15 தாண்டித்தான், ஏன்னா நம்ம கடிகாரம் ஓடுறது அலகாபாத் பக்கத்து நேரத்துக்கு, மதுரை அதுக்கு மேக்க தள்ளி இருக்கு. நிழல் சுத்தமா இல்லாம போற நாள் மதுரைக்கு ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசிலயும் தான் வரும். அன்னைக்கு வந்து பாக்கணும்னு காலண்டர்ல கிறுக்கி வச்சிருக்கா.

குட்டையான நிழல் காட்டுற பக்கம் வடக்குன்னு புரிஞ்சதும் வீட்ல எல்லாத்துக்கும் திசை சொல்ல ஆரம்பிச்சுட்டா, ஃப்ரிட்ஜ் மேக்க, தாத்தா போட்டோ தெக்க.

பக்கத்து மாடியில துணி காயப்போட வந்த அக்கா, "ஏம்மா பொம்பளப் புள்ளைய இப்படி வெயில்ல காயப்போட்டுருக்க, கறுத்துப் போயிருவா"ன்னாங்க. கறுத்தா கறுத்துட்டுப் போறா. தொப்பி போட்டிருக்கா, தண்ணி குடிச்சிருக்கா, எனக்கு அது போதும். இதையே பக்கத்துல பந்து விளையாடுற அவங்க பையனைப் பாத்து ஒரு நாளும் சொன்னதில்ல.

28 டிசம்பர், ஞாயிறு

அரிட்டாபட்டி, மேலூர் பக்கத்துல மலையும் பாறையுமா இருக்க ஊரு. விடியக்காத்தால கிளம்பி வெயில் ஏறுறதுக்குள்ள போயாச்சு. 2022ல தமிழ்நாட்டுலயே முதல் பல்லுயிர்ப் பாரம்பரிய தலம்னு அறிவிச்ச இடம், அரிட்டாபட்டி மீனாட்சிபுரம் ரெண்டு ஊரும் சேந்து 193 ஹெக்டேர். இங்க டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகுதுன்னு போன வருஷக் கடைசில ஒரே கொந்தளிப்பு, ஜனங்க மதுரைக்கே ஊர்வலமா வந்தாங்க, இந்த வருஷம் ஜனவரில தான் ஏலத்தை ரத்து பண்ணாங்க. பாப்பாகிட்ட இதையெல்லாம் எப்படி சொல்றதுன்னு தெரியாம, "இந்த மலையை உடைக்க வந்தாங்க, ஊர்க்காரங்க விடல"ன்னு மட்டும் சொன்னேன். "அப்ப கழுகு எங்க போயிருக்கும்?"னு கேட்டா. சரியான கேள்வி, அங்க பேசுன பாதிப் பேரு கேட்டதும் இதைத்தான்.

கழுகுன்னு அவ சொல்றது ராஜாளியை. பாறை உச்சிக்கு மேல ஒண்ணு வட்டம் போட்டுச்சு, அது ராஜாளி தானான்னு அடிச்சுச் சொல்ல என்னால முடியாது, ரொம்ப உசரம். லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு எல்லாம் இந்தப் பாறைல இருக்கு, நமக்கு வெறுங்கண்ணு தான். அதனால பேரை விட்டுட்டு, றெக்கையை அடிக்குதா சும்மா விரிச்சு மிதக்குதா, வால் விசிறி மாதிரியா நீட்டமா, அதை மட்டும் பாருன்னு விட்டேன். பேரை முதல்ல சொல்லிட்டா பசங்க பாக்குறதை நிப்பாட்டிருதுங்க, நான் பாத்த வரைக்கும் அப்படித்தான்.

குடைவரைக் கோயிலுக்குப் போனோம், பாண்டியர் காலத்துது, சிவன். அதை விட அவளுக்குப் பிடிச்சது பாறை ஏறுறது தான். ஒரே விதி: ரெண்டு கால் ஒரு கை, இல்ல ரெண்டு கை ஒரு கால், எப்பவும் மூணு ஒட்டியிருக்கணும், நாலாவதை மட்டும் நகத்து. எறங்கும்போது பாறையைப் பாத்து திரும்பி எறங்கணும், செங்குத்தா இல்லாத இடம்னா உக்காந்து தேய்ச்சுக்கிட்டே வரலாம். பாவாடை கட்டிட்டு வந்தா இதெல்லாம் ஆகாது, டிரவுசர் தான். வரும்போது டிரவுசர் பின்பக்கம் கிழிஞ்சு போச்சு.

3 ஜனவரி 2026, சனி

திருவாதிரை. பக்கத்து வீட்ல களி குடுத்தாங்க. ராத்திரி மாடியில பௌர்ணமி நிலா, ஒட்டுன மாதிரி வியாழன், இத்தனை பளிச்சுன்னு வியாழனை நான் பாத்து ரொம்ப நாளாச்சு. நிலா வெளிச்சத்துல மத்த நட்சத்திரம் பாதி காணோம், ஆனா சேப்பா திருவாதிரை நட்சத்திரம் தெரிஞ்சுச்சு. "களி அதுக்கா?"ன்னா. அதுக்குத்தான்னேன். தூக்கம் வந்துருச்சு, எறங்கிட்டோம்.

11 ஜனவரி, ஞாயிறு

பனங்கிழங்கு தோண்டுனோம்! எங்கப்பா ஆவணில பனங்கொட்டையை மேடு கட்டிப் பொதச்சு வச்சிருந்தாரு. தாத்தா கடப்பாரையில நெம்புவாரு, பாப்பா ஆட்டி ஆட்டி உருவணும், வெடுக்குன்னு இழுத்தா பாதியில ஒடிஞ்சு போகும்.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்ன அப்பா கம்பை எடுத்து காஞ்ச ஓலைக் குவியலை நாலு தட்டு தட்டுனாரு, அப்புறம் தான் கையை வைக்கவே விட்டாரு. ஏன்னு அவ கேக்க, அங்கேயே பாம்பு பாடம். கண்ணாடி விரியன் ஓடாது, சருகோட சருகா அப்படியே கிடக்கும், கிட்டப் போனா குக்கர் கணக்கா சீறும். பாத்தா கத்தக்கூடாது, கல்லை எடுக்கக்கூடாது, அப்படியே நில்லு, பைய பின்னால வா, பெரியவங்களைக் கூப்பிடு. கடிச்சா கயிறு கட்டுறது, கீறுறது, வாய் வச்சு உறியிறது எதுவும் வேணாம், நேரா பெரியாஸ்பத்திரி. எங்கப்பா காலத்து வைத்தியமெல்லாம் வேறங்கிறதால அவர் மூஞ்சி கொஞ்சம் சுருங்குச்சு, பரவால்ல.

"மருந்து யாரு செய்வா?" அடுத்த கேள்வி. மாமல்லபுரம் பக்கத்து வடநெம்மேலில, பாம்பு பிடிக்கிற இருளர் பழங்குடி மக்களோட கூட்டுறவு சங்கம் ஒண்ணு 1978ல இருந்து இருக்கு, அவங்க பாம்பைப் பிடிச்சு விஷம் எடுத்துட்டு திரும்ப காட்டுலயே விட்டுருவாங்க, அந்த விஷத்தை துளித்துளியா குதிரைக்கு ஊசி போட்டு, குதிரை ரத்தத்துல இருந்து மருந்து எடுப்பாங்கன்னு சொன்னேன். பாம்பு, இருளர், குதிரை, ஆஸ்பத்திரி, நாலையும் சேத்து தாத்தாவுக்கு அவளே ஒரு கதையா திருப்பிச் சொன்னா, குதிரைக்கு மட்டும் ஒரு பேரு வச்சுக்கிட்டு.

அப்புறம் தீ. இதுக்குத்தான் வீட்ல சண்டை. ஆறு வயசுப் புள்ள கையில தீப்பெட்டியான்னு எங்கம்மா பெரிய சத்தம். நான் விட்டேன், பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு. முதல்ல சுத்தியும் சருகை ஒதுக்கிக் கட்டாந்தரை ஆக்கணும், ஒரு குடம் தண்ணி பக்கத்துல, காத்து முதுகுப் பக்கம் இருந்து அடிக்கணும், குச்சியை நம்மள விட்டு வெளிப்பக்கமா உரசணும். பன்னாடை, அதான் பனைமட்டை அடியில இருக்க வலை மாதிரி நாரு, சட்டுன்னு பத்திக்கும், மேல ஓலை, அது நின்னு எரிஞ்சதும் மட்டை. முதல் குச்சி அணைஞ்சுச்சு, அடுத்ததும் அணைஞ்சுச்சு, அப்பா வாயைத் தொறக்க வந்தாரு, நான் கண்ணைக் காட்டுனேன். அப்புறம் பிடிச்சுச்சு. கிழங்கு மேல்தோலு கருகுற வரைக்கும் சுட்டு, தோலை உரிச்சு, நாரைக் கிழிச்சு, நடுக்குருத்தை எடுத்துப் போட்டுட்டு தின்னோம். மஞ்சளும் உப்பும் போட்டு அவிச்சது தான் எனக்கு இன்னும் பிடிக்கும், ஆனா அதை இன்னைக்கு சொல்ல முடியுமா. தண்ணி ஊத்தி அணைச்சு, சாம்பலைக் கிளறி கையை மேல நீட்டி சூடு இருக்கான்னு பாத்ததும் அவ தான்.

17 ஜனவரி, சனி

பொங்கலுக்கு ஊர்லயே இருக்கோம். நாளைக்கு தை அமாவாசை, நல்ல இருட்டு. கையை நீட்டி முஷ்டி பிடிச்சா ஒரு முஷ்டி பத்து டிகிரி, மேலூர் இருக்கதும் பூமத்திய ரேகைக்கு வடக்க கிட்டத்தட்ட பத்து டிகிரில, ஊரு எத்தனை டிகிரியோ துருவ நட்சத்திரமும் அத்தனை டிகிரி உசரத்துல தான் தெரியும், அதனால வடக்க அடிவானத்துல ஒரு முஷ்டி வச்சா அதுக்கு மேல துருவ நட்சத்திரம் இருக்கணும். தென்னை மறைச்சுச்சு, கண்மாய்க்கரை வரைக்கும் போக வேண்டியதாச்சு. டார்ச் அடிச்சு காலைத் தட்டித்தட்டி நடந்தோம். மங்கலா தான் இருந்துச்சு, "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்"ங்கிற மாதிரி என்னைப் பாத்தா.

திரும்புற வழியில கிணத்துப் பேச்சு வந்துச்சு. வர்ற கோடையில நீச்சல் பழக்கணும். எங்கம்மா ஒரே பிடியா முடியாதுங்கிறாங்க. நானும் இதே கிணத்துல தான் குதிச்சேன், அஞ்சாப்பு வரைக்கும். அப்புறம் சடங்கு சுத்துனாங்க, கிணறு, கண்மாய், மரம் எல்லாம் ஒரே நாள்ல நின்னு போச்சு, என்கூட குதிச்ச பெரியப்பா மகன் காலேஜ் போற வரைக்கும் குதிச்சான். பாப்பாவுக்கு அந்தப் பேச்செல்லாம் வீட்ல கிளம்புறதுக்குள்ள நீச்சல் உடம்புல ஏறிடணும், ஏறிட்டா அதை யாரும் பிடுங்க முடியாது. இதை எங்கம்மாகிட்ட அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "இடுப்புல கயிறு கட்டாம எறக்கக்கூடாது, உங்கப்பா மேல நிக்கணும்"னாங்க.

கயிறு இருக்கு. அப்பா இருக்காரு. லாரி டயர் ட்யூப் தான் இப்ப எங்கயும் கிடைக்க மாட்டேங்குது, எல்லாம் ட்யூப்லெஸ் ஆகிருச்சாம். மதுரை, மேலூர் பக்கம் யார்கிட்டயாவது பழசு ஒண்ணு கிடந்தா சொல்லுங்க, பஞ்சர் நாங்களே ஒட்டிக்கிறோம்.