மட்டில் இருந்து அஞ்சல் அனுப்ப

மட் (Mutt) என்பது டெர்மினலில் ஓடும் மின்னஞ்சல் புரோகிராம். அதில் அஞ்சல் வாசிக்கப் பழகுவது சுலபம். அனுப்ப வெளிக்கிடும்போதுதான் பலர் களைத்துப்போய் பழையபடி பிரவுசருக்கே திரும்பிவிடுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே கவலை.

அஞ்சல் அனுப்புவதற்கான நெறிமுறையான எஸ்எம்டிபி (SMTP) 1982இல் வந்தபோது, அனுப்புகிற ஆள் யார் என்று அது கேட்கவே இல்லை. ஸ்பாம் பெருகிய பிறகு, 1999இல்தான் பெயரையும் பாஸ்வேர்டையும் காட்டி உள்ளே போகும் முறை அதில் சேர்ந்தது. வீட்டு இணைப்புகளில் எஸ்எம்டிபியின் பழைய வாசலான 25ஆம் போர்ட்டைப் பல இணைய நிறுவனங்கள் அடைத்தே வைத்திருக்கும், அதோடு மினக்கெட வேண்டாம். நமக்கு 587 அல்லது 465.

மட்டுக்குள்ளேயே எஸ்எம்டிபி வசதி இருக்கிறதுதான். ஆனாலும் அந்த வேலையை எம்எஸ்எம்டிபி (msmtp) என்ற சின்ன புரோகிராமிடம் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். மட்டின் செட்டிங் ஃபைலில் சென்ட்மெயில் என்ற வரியில் அது இருக்கும் பாதையை எழுதினால் போதும், சர்வர், போர்ட், யூசர் பெயர் எல்லாம் எம்எஸ்எம்டிபியின் சொந்த ஃபைலுக்குப் போய்விடும். அதோடு வரும் கியூ ஸ்கிரிப்டுக்காகவே இதை வைத்திருக்கலாம். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதே, வெள்ளவத்தையில் அந்த இருட்டில் லாப்டாப் பேட்டரியை நம்பி எழுதியவர்களுக்கு இதன் அருமை விளங்கும்: இணைப்பு இல்லாதபோது அனுப்பியதெல்லாம் டிஸ்கில் காத்திருக்கும், ரவுட்டர் திரும்ப எழும்பியதும் ஒரே கட்டளையில் போய்விடும்.

கூடுதலாகச் சிக்குவது, இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் (TLS) பற்றிய வரியில். 587 என்றால் சர்வரோடு பேச்சு மறைகுறியாக்கம் இல்லாமல் தொடங்கி, ஸ்டார்ட்டிஎல்எஸ் சொன்ன பிறகுதான் மறைகுறியாக்கத்துக்கு மாறும். 465 அப்படியில்லை, முதல் பைட்டில் இருந்தே டிஎல்எஸ். ஆகவே 465 போட்டால் ஸ்டார்ட்டிஎல்எஸை ஆஃப் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் நம் பக்கம் சர்வரின் வணக்கத்துக்குக் காத்திருக்க, சர்வர் நம்முடைய டிஎல்எஸுக்குக் காத்திருக்க, திரை அப்படியே நிற்கும், பிழைச்செய்தியும் உடனே வராது.

அப்புறம் பாஸ்வேர்ட். தயவுசெய்து அதை ஃபைலில் அப்படியே எழுதி வைக்காதீர்கள். பாஸ்வேர்ட்இவால் என்றொரு வரி இருக்கிறது, ஜிபிஜி (GPG) என்ற மறைகுறியாக்கப் புரோகிராமால் பூட்டிய ஃபைலைத் திறக்கும் கட்டளையை அதில் கொடுத்தால் அனுப்பும் நேரத்தில் மட்டும் எடுத்துக்கொள்ளும். எம்எஸ்எம்டிபியின் செட்டிங் ஃபைலுக்கும் 600 பெர்மிஷன் போட்டுவிடுங்கள், நீங்கள் மட்டுமே வாசிக்கவும் எழுதவும்.

ஜிமெயில்காரர்களுக்கு இன்னொன்று. 2022 மே 30க்குப் பிறகு தனிப்பட்ட கணக்குகளில் வழக்கமான பாஸ்வேர்ட் இதற்கு வேலை செய்யாது. இரண்டு படிச் சரிபார்ப்பை ஆன் செய்து, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

அனுப்பும்போது மட் 77 என்ற எண்ணோடு பிழை காட்டினால் சர்வர் உங்கள் பாஸ்வேர்டை ஏற்கவில்லை என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம். போர்ட்டையும் டிஎல்எஸையும் கிண்டாமல் முதலில் எம்எஸ்எம்டிபியின் லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள், சர்வர் சொன்ன பதில் அதில் இருக்கும்.