மன்றாட்டைப் பிள்ளைகளே எழுதட்டும்

கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். அதோடு பள்ளித் திருப்பலிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும் பொறுப்பும் என்னுடையது. வேறு பள்ளிகளில் இதே வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்பார்கள்: "விசுவாசிகள் மன்றாட்டு எழுதி வைத்திருந்தால் கொஞ்சம் அனுப்புங்களேன்." திருப்பலியில் எல்லாருடைய தேவைகளுக்காகவும் ஒவ்வொன்றாக வாசிக்கும் வேண்டுதல்கள்தான் இந்த மன்றாட்டு. என்னிடம் அப்படி எழுதி வைத்தது எதுவும் இருக்காது. பிள்ளைகள் எழுதிய தாள்கள்தான் இருக்கும், அவையும் அந்தந்த வாரத்துக்கு மட்டுமே பொருந்தும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று. மன்றாட்டு திருப்பலியன்று திடீரென்று வந்துவிடாது. அது தினசரி செபத்திலிருந்துதான் வர வேண்டும். எங்கள் வகுப்பில் சன்னல் ஓரமாக ஒரு சின்ன செப மேசை இருக்கிறது. அதன் மேல் ஒரு சிலுவை, விவிலியம், மெழுகுதிரி. கீழே விரித்திருக்கும் துணியின் நிறம் திருவழிபாட்டுக் காலத்தோடு மாறும். பொதுக்காலத்தில் பச்சை, கிறிஸ்து பிறப்புக்கு முந்தின திருவருகைக் காலத்திலும் உயிர்ப்பு விழாவுக்கு முந்தின தவக்காலத்திலும் ஊதா, கிறிஸ்து பிறப்புக்கும் பாஸ்கா என்னும் அந்த உயிர்ப்பு விழாவுக்கும் வெள்ளை, பெந்தகோஸ்துக்குச் சிவப்பு. துணி மாற்றும் வேலை பிள்ளைகளுடையது. ஒருத்தி மடித்து வைப்பாள், இன்னொருவன் விரிப்பான், மூலைகள் சரியாகத் தொங்குகிறதா என்று நான்கு பேர் குனிந்து பார்ப்பார்கள். நாள்காட்டியைக் காட்டிப் பாடம் நடத்தியிருந்தால் இவ்வளவு தெளிவாக அவர்கள் மனதில் ஏறியிருக்காது. "டீச்சர், ஊதா வந்துட்டா அல்லேலூயா பாடக் கூடாதுல்ல?" என்று ஒருவன் கேட்டான். தவக்காலம் முழுவதும் அல்லேலூயா கிடையாது என்பதை அவனே பிடித்துக்கொண்டான். திருவருகைக் காலமும் ஊதாதான், ஆனால் அப்போது அல்லேலூயா உண்டு என்று அதற்கு மேல் அரை மணி நேரம் பேச வேண்டியிருந்தது. அந்த அரை மணி நேரத்தில் நடக்க வேண்டிய கணக்குப் பாடம் மறுநாளுக்குப் போனது.

காலையில் சிலுவை அடையாளம் போட்டு முடித்ததும் ஒரு வரி சொல்வோம்: இறைவனின் திருமுன் இருக்கிறோம் என்பதை நினைவில் கொள்வோம். 1680-இல் பிரான்சின் ரீம்ஸ் நகரில் பள்ளிச் சகோதரர்களின் குழுவைத் தொடங்கிய புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சாலின் வழிவந்த பழக்கம் இது. 1950-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். எங்கள் பள்ளி அந்தச் சகோதரர்களுடையது அல்ல, ஆனாலும் இந்த வரியை நான் விடுவதில்லை. சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டோம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அமைதி வராது என்பார்கள். வரும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே விதமாக, மிரட்டாமல் கேட்டால் வரும். ஆசிரியையும் அப்போது வருகைப் பதிவேட்டைப் புரட்டாமல் கண்ணை மூடி நிற்க வேண்டும், அது முக்கியம்.

நண்பகலில் மணி அடித்ததும் மூவேளை செபம், மரியாவிடம் வானதூதர் வந்ததை நினைத்துச் சொல்லும் மனப்பாட செபம். முதல் வகுப்புப் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல்தான் ஒப்பிக்கிறார்கள், இதில் என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். சொந்த வார்த்தையில் செபிப்பதைப் பற்றி எழுத வந்தவள் என்றாலும், மனப்பாட செபத்தை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஒரு முறை வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, தன் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். செபிக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது, வார்த்தை வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினாள். வகுப்பே சேர்ந்துகொண்டது. மூன்றாவது வரியில் அவளும் சேர்ந்துகொண்டாள். சொந்த வார்த்தை இல்லாத நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். அர்த்தம் பின்னால் வந்து சேரும்.

சரி, மன்றாட்டுக்கு வருகிறேன்.

திருப்பலிக்கு முந்தின நாள் கடைசிப் பாடவேளையில் எல்லாரும் தரையில் உட்காருவோம். மறுநாளுக்குரிய நற்செய்தியை இரண்டு முறை மெதுவாக வாசிப்பேன். பிறகு அமைதி. அதற்குப் பின் கேட்பேன்: இந்த வாரம் யார் கஷ்டத்தில் இருப்பதைப் பார்த்தீர்கள்? ஆளுக்கு ஒரு துண்டுத் தாள். பெயர் எழுதத் தேவையில்லை. எழுதத் தெரியாதவர்கள் காதில் சொன்னால் நான் எழுதிக்கொள்வேன், அவர்கள் சொன்னது சொன்னபடி.

திருச்சபை மன்றாட்டுகளுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. திருச்சபையின் தேவைகள், ஆட்சி செய்பவர்களும் உலகின் நலனும், துன்பத்தில் இருப்பவர்கள், நம்முடைய சமூகம். பிள்ளைகளின் தாள்களை இந்த நான்கிலும் பிரித்து வைப்போம். எல்லாத் தாளும் எங்காவது பொருந்திவிடுகிறது. திருச்சபைக்கான இடத்தில் போன முறை வந்தது இது: "ஃபாதருக்குக் காய்ச்சல் வந்தா வீட்டுல யாரும் இல்ல, அவருக்குத் தண்ணி குடுக்க யாராவது இருக்கணும்." ஆட்சியாளர்களுக்கான இடத்தில்: "சண்டை போடுற தலைவர்களில் யாராவது ஒருத்தர் முதல்ல சாரி சொல்லணும்." துன்பத்தில் இருப்பவர்களுக்காக: "வேலை போன அப்பாங்க வீட்டுல பேச மாட்டேங்கிறாங்க, அவங்க திரும்பப் பேசணும்."

பெரியவர்கள் எழுதித் தரும் தாளில் இவை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "எம் ஆயர்களும் குருக்களும் உமது அன்பில் நிலைத்திருந்து" என்று தொடங்கி அழகாக முடியும். அதில் தப்பில்லை. ஆனால் அதைப் படிக்கும் பிள்ளைக்கு ஒரே கவலை, "நிலைத்திருந்து" என்பதைத் திக்காமல் சொல்ல வேண்டும் என்பதுதான். தானே எழுதியதைப் படிக்கும்போது அந்தக் கவலை இருப்பதில்லை. ஃபாதருக்குத் தண்ணீர் கேட்டவள் ஒலிவாங்கி முன்னால் நின்று, படித்து முடித்ததும் பீடத்தில் இருந்த அவரை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் "ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்" என்றாள். கோயில் முழுவதும் பதில் சொன்ன சத்தம் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது.

எழுத்துப் பிழை திருத்துவேன், வாசிக்கத் தடுக்கக் கூடாது என்பதற்காக. வாக்கியத்தைத் தொட மாட்டேன். ஒரே ஒரு எச்சரிக்கை: வீட்டு விஷயம் தெரியும்படி இருக்கும் தாளை, எழுதிய பிள்ளையிடம் தனியாகக் கேட்காமல் கோயிலில் வாசிக்க விட மாட்டேன். பெயர் இல்லாவிட்டாலும் கையெழுத்து தெரியுமே. வேலை போன அப்பாக்களைப் பற்றி எழுதியவனிடம் கேட்டேன். "வாசிக்கலாம் டீச்சர், ஆனா நான் வாசிக்கல" என்றான். வேறொருவன் வாசித்தான். வேண்டாம் என்று சொல்லும் தாள்கள் செப மேசையில் இருக்கும் மூடிய பெட்டிக்குள் போகும். காணிக்கைப் பவனியில் அப்பத்தோடும் இரசத்தோடும் அந்தப் பெட்டியும் பீடத்துக்குப் போகும். யாரும் திறப்பதில்லை.

இதெல்லாம் திருவழிபாட்டு விதிக்குச் சரிதானா என்று ஒரு முறை ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. 1973 நவம்பர் 1 அன்று வத்திக்கான் 'சிறுவர் திருப்பலிகளுக்கான வழிகாட்டி' ஒன்றை வெளியிட்டது. பிள்ளைகள் பீடத்தைத் தயார் செய்யலாம், பாடலாம், வாசகம் வாசிக்கலாம், மறையுரையின்போது கேள்விக்குப் பதில் சொல்லலாம், மன்றாட்டுகளைச் சொல்லலாம், காணிக்கை கொண்டுவரலாம் என்று அது வரிசையாகச் சொல்கிறது. வாசகங்களைக் குறைத்துக்கொள்ளலாம், நற்செய்தியை மட்டும் ஒருபோதும் விடக் கூடாது என்கிறது. சிறுவர் திருப்பலியிலும் அமைதிக்கு இடம் வேண்டும் என்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது, விவிலியத்தைச் சுருக்கியும் மாற்றியும் சொந்த நடையில் எழுதி வாசிப்பதைத் தவிர்க்கச் சொல்வதுதான். பிள்ளைகளுக்குப் புரியாது என்று நாமே இறைவார்த்தையை நீர்க்க வைத்துவிடக் கூடாது. அடுத்த ஆண்டே சிறுவர் திருப்பலிக்கென்று மூன்று நற்கருணை மன்றாட்டுகளும், அதாவது அப்பத்தையும் இரசத்தையும் வைத்துக் குரு பீடத்தில் சொல்லும் மைய செபங்களும், வந்தன. பிள்ளைகள் நடுநடுவே குரல் கொடுக்கும்படி அவற்றை அமைத்திருக்கிறார்கள்.

எனக்கு இதற்கெல்லாம் மேலான ஆதாரம் மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரம். அதன் தொடக்கப் பகுதியில் சிறு பிள்ளைகளைக் கொண்டுவருகிறவர்களைச் சீடர்கள் அதட்டுகிறார்கள். அதன் கடைசியில் பார்வையற்ற பர்த்திமேயு கத்துகிறார், கூட்டம் அவரையும் பேசாதிருக்கும்படி அதட்டுகிறது. இரண்டு இடத்திலும் இயேசு கூப்பிடச் சொல்கிறார். பர்த்திமேயு எதற்காகக் கத்துகிறார் என்பது சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் உமக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று இயேசு அவரிடமே கேட்கிறார். அவர் வாயாலேயே வரட்டும் என்று காத்திருக்கிறார். இந்தப் பகுதியை வகுப்பில் வாசித்த அன்று, "இயேசுவுக்குத் தெரியும்ல, அப்புறம் ஏன் கேட்டாரு?" என்று கேட்டவனுக்கு இன்னொரு பிள்ளையே பதில் சொன்னாள்: "அவர் சொல்றதைக் கேக்கணும்னு ஆசை."

பிள்ளைகள் திருப்பலியில் முதன்முறையாக அப்பம் பெறும் முதல் நற்கருணைக்கான தயாரிப்பைப் பற்றியும் கொஞ்சம். 1910-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ், ஏறக்குறைய ஏழு வயதில், நல்லது கெட்டது அறியும் பருவத்திலேயே பிள்ளைகள் நற்கருணை பெறலாம் என்று ஆணையிட்டார். அதற்கு முன் பத்து, பன்னிரண்டு வயதுக்கும் மேல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்று நம் பிள்ளைகள் எட்டு வயதில் வெள்ளுடையில் நிற்பதற்கு அந்த ஆணைதான் காரணம். முதல் நற்கருணைக்கு முன் ஒப்புரவு அருட்சாதனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம். முதல் பாவசங்கீர்த்தனத்துக்கு முன் எல்லா ஆண்டும் வரும் கேள்வி ஒன்றுதான்: "ஃபாதர் டீச்சர்கிட்ட சொல்லிடுவாரா?" யாரிடமும், எதற்காகவும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது என்று சொல்லும்போது அவர்கள் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும்.

வகுப்பில் எல்லாரும் கத்தோலிக்கர் இல்லை. வேறு சமயப் பிள்ளைகள் செப நேரத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம், சிலுவை அடையாளம் போட வேண்டியதில்லை. இதைச் சேர்க்கையின்போதே பெற்றோரிடம் சொல்லிவிடுகிறோம். மனச்சாட்சிக்கு மாறாக யாரையும் கத்தோலிக்க விசுவாசத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது, 748-ஆம் எண்ணில். ஆனால் துண்டுத் தாள் கொடுக்கும்போது அவர்களும் கை நீட்டுகிறார்கள். கொடுக்கிறேன். வேண்டாம் என்பவர்களிடம் ஏன் என்று கேட்பதில்லை.

திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளுக்கு நான்கு மெழுகுதிரி ஏற்றும் வளையத்தைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். மூன்று ஊதாத் திரி, மூன்றாம் ஞாயிறுக்கு ஒரு இளஞ்சிவப்புத் திரி என்பது எல்லாருக்கும் தெரியும். அதன் தொடக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் என்பது பலருக்குத் தெரியாது. 1839-இல் ஹாம்பர்க்கில் யோகான் ஹின்ரிக் விகெர்ன் என்ற லூத்தரன் போதகர், கிறிஸ்து பிறப்பு எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுதிரிகளை வைத்து நாள் எண்ணக் கற்றுக்கொடுத்தார். பிள்ளைகளின் ஒரு கேள்விக்காகச் செய்த ஏற்பாடு, பின்னாளில் கத்தோலிக்கக் கோயில்களுக்குள்ளும் வந்துவிட்டது.

மன்றாட்டுத் தாள் கேட்டு எழுதுகிறவர்களுக்கு என் பதில் இதுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிள்ளைகளிடம் விட வேண்டாம். வழக்கமான மன்றாட்டுகளை எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றை மட்டும் காலியாக விடுங்கள். நற்செய்தியை முந்தின நாளே வகுப்பில் வாசித்துவிடுங்கள், திருப்பலியன்று காலையில் வாசித்தால் நேரம் போதாது. தாளைச் சின்னதாக வெட்டிக் கொடுங்கள், பெரிய தாள் கொடுத்தால் கட்டுரை எழுதத் தொடங்கிவிடுவார்கள். ஃபாதரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஒலிவாங்கியை வாசிக்கும் பிள்ளையின் உயரத்துக்குத் தாழ்த்திவிட்டீர்களா என்று பாருங்கள், அதைத்தான் பல கோயில்களில் மறந்துவிடுகிறார்கள்.