மடி நிறைந்தபோது

இறையியல் கல்லூரி ஒன்றில், புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கம் கற்பிக்கிறேன். முதலாண்டு மாணவர்களுக்கு வாராவாரம் ஒரு சொற்பட்டியல் கொடுப்பது வழக்கம். அதில் 'ப்ளேரோ' என்ற வினைக்கு நேரே நான் வருடக்கணக்காக எழுதிவந்தது ஒரே பொருள்தான்: நிறைவேற்று.

ஒரு தேர்வில், மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தைப் பற்றி இயேசு பேசும் மத்தேயு 5:17-ஐ மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தேன். குமரிக் கடற்கரையிலிருந்து வந்திருந்த மாணவர் ஒருவர், "அழிக்க அல்ல, நிரப்பவே வந்தேன்" என்று எழுதியிருந்தார். சிவப்பு மையில் சுழித்து 2 மதிப்பெண் குறைத்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் வகுப்பில் மத்தேயு 13-ஆம் அதிகாரம். கடலில் போட்ட வலையின் உவமை. 48-ஆம் வசனத்திலும் அதே வினைதான். ஒரு மாணவி என் பட்டியலை நம்பி, "வலை நிறைவேறியபோது" என்று வாசித்துவிட்டுத் திகைத்து நின்றார். தப்பு அவருடையதல்ல, என் பட்டியலுடையது. குமரி மாணவர் கைதூக்கினார்.

"சார், இது எங்க ஊர் கரைமடிதான். ரெண்டு பக்கமும் ஆள் நின்னு கயித்தக் கரைக்கு இழுப்போம். நடுவுல பை மாதிரி இருக்கே, அதுதான் மடி. மடி நிறஞ்சா கயித்தப் பிடிச்ச கைக்கே தெரியும்."

மத்தேயு அங்கே சொல்லும் 'சகேனே' கரைக்கு இழுக்கும் வலையேதான்.

அன்றிரவு மத்தேயுவில் இந்த வினை வரும் 16 இடங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 23:32-இல் பிதாக்களின் அக்கிரம அளவை நிரப்புங்கள் என்கிறார் இயேசு. யோவான் 12:3-இல் தைலத்தின் மணம் வீட்டை நிறைக்கிறது. நிரம்புவதெல்லாம் இந்த வினை என்றும் சொல்லிவிட முடியாது. கானாவூர்க் கற்சாடிகளைத் தண்ணீரால் நிரப்புவதற்கு யோவான் 'கெமிட்சோ' என்கிறார். அப்போஸ்தலர் 2-இல் காற்றின் முழக்கம் வீட்டை நிரப்புவது ப்ளேரோ. இரண்டு வசனம் தள்ளி, சீஷர்கள் ஆவியால் நிரப்பப்படுவது 'பிம்ப்ளேமி'.

என்னை அதிகம் உலுக்கியது மத்தேயு 2:15. குழந்தை இயேசு எகிப்தில் தங்கியிருந்ததில், "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்பது நிறைவேறியதாம். அந்த வரி வரும் பழைய ஏற்பாட்டின் ஓசியா 11:1-ஐத் திறந்தால் அது முன்னறிவிப்பே இல்லை. இஸ்ரவேல் எகிப்தைவிட்டு வந்த பழைய கதையை நினைவுகூரும் வரி. சொன்னது நடந்தது என்று மட்டும் பொருள் கொண்டால் இந்த இடம் இடிக்கும். நிரம்பியது என்று வாசித்தால் இடிக்காது. பழைய வார்த்தை பாதி நிறைந்த பாத்திரமாக இருந்தது; மத்தேயுவின் கண்ணுக்கு அது இயேசுவில் விளிம்புவரை வந்தது. அப்படித்தான் நான் நம்புகிறேன்.

நம் வேதாகமத்தின் 'நிறைவேறு' என்ற சொல்லுக்குள்ளேயே 'நிறைவு' உட்கார்ந்திருக்கிறது. எவ்வளவு நல்ல சொல்! தீர்மானம் நிறைவேறியது, திட்டம் நிறைவேறியது என்று கேட்டுக் கேட்டு அந்த நிறைவு என் காதில் விழாமலே போயிருக்கிறது.

மறுநாள் அந்த விடைத்தாளைத் திரும்ப வாங்கி 2 மதிப்பெண்ணையும் போட்டு, மன்னிப்பும் கேட்டேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. "அப்போ நியாயப்பிரமாணத்த எதால சார் நிரப்புறது?" என்றார்.

கலாத்தியர் 5:14-ஐத் திறக்கச் சொன்னேன். அங்கும் அதே வினைதான். அவரே விரல் வைத்து, எழுத்துக்கூட்டி, பிறனிடத்தில் அன்புகூருவது வரைக்கும் வாசித்தார்.