தொட்டி நிரம்பினால் திரையில் விண்டோ: டீமனிலிருந்து திறந்து பார்த்தது

எங்கள் மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்தை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி கவனித்துக்கொள்கிறது. அல்ட்ராசோனிக் சென்சாரைப் படிக்கும் பைதான் நிரல், லினக்ஸில் பின்னணி நிரல்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சர்வீஸாக, அதாவது டீமனாக, ரூட் (எல்லா அதிகாரமும் உள்ள பயனர்) உரிமையில் ஓடுகிறது. இப்போது சேர்க்க நினைத்தது: தொட்டி நிரம்பியதும் 'மோட்டாரை நிறுத்துங்கள்' என்று திரையில் பெரிதாக ஒரு விண்டோ.

டெர்மினலில் ஓட்டினால் பைதானின் டிகே-இன்டர் நூலகம் கொண்டு வரையும் விண்டோ உடனே வருகிறது. சர்வீஸாக ஓடும்போது, எந்தத் திரையில் வரைவது என்று சொல்லும் டிஸ்ப்ளே என்ற சூழல் மாறி இல்லை என்று லாகில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. சர்வீஸ் பூட் ஆகும்போதே எழுந்துவிடும். அப்போது யாரும் லாகின் செய்திருக்கக்கூட மாட்டார்கள். எந்தத் திரை, யாருடைய திரை என்று அதற்குத் தெரிய வழியில்லை.

சரி, சர்வீஸ் கோப்பில் டிஸ்ப்ளேவுக்கு ':0' என்று கொடுத்தேன். அடுத்து, திரையில் விண்டோக்களைக் காட்டும் எக்ஸ் சர்வர், மேஜிக் குக்கி என்ற ரகசியச் சாவியைக் கேட்டது. அது இருக்கும் எக்ஸ்அதாரிட்டி கோப்பின் பாதையையும் கொடுத்ததும் விண்டோ வந்தது. 'எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்' என்ற கட்டளை போட்டு எக்ஸ் சர்வரை எல்லோருக்கும் திறந்துவிடுவதும் ஒரு வழிதான், ஆனால் தயவுசெய்து வேண்டாம். உள்ளே வரும் எந்த நிரலும் நீங்கள் தட்டச்சு செய்வதையெல்லாம் ஒட்டுக்கேட்க முடியும்.

விண்டோ வந்தும் எனக்குத் திருப்தியில்லை. ரூட் உரிமையுள்ள நிரல் திரையில் வரைவதே ஆபத்து. தவிர, எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலண்டுக்குப் போனால் மாறிகளே வேறு. நிரல்கள் அதனோடு பேசும் சாக்கெட், பயனரின் எண்ணோடு '/ரன்/யூசர்/1000' போன்ற இடத்தில் இருக்கும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே சர்வீஸ்களை, பயனர்களின் திரையோடு சேராத செஷன் 0-இல் தனியே வைத்துவிட்டார்கள். மேக்கில் பின்னணியில் ஓடும் லாஞ்ச்டீமன் வேறு, பயனரின் செஷனில் ஓடும் லாஞ்ச்ஏஜென்ட் வேறு. எல்லோரும் பின்னணி வேலையையும் திரை வேலையையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

நானும் பிரித்தேன். டீமன் மட்டத்தை அளந்து ஒரே கணினியின் நிரல்கள் பேசிக்கொள்ளும் யூனிக்ஸ் சாக்கெட் ஒன்றில் சொல்லும், அவ்வளவுதான். விண்டோவைத் திறப்பது ஒரு குட்டி நிரல். அது பயனரின் ஆட்டோஸ்டார்ட் கோப்புறையிலிருந்து, டெஸ்க்டாப் வந்த பிறகு தொடங்குகிறது. டிஸ்ப்ளே, குக்கி எல்லாம் செஷனிலிருந்தே அதற்குக் கிடைத்துவிடுகின்றன. நான் ஒரு மாறிகூட எழுதவில்லை. சாக்கெட்டின் அனுமதியை மட்டும் 0660 (உரிமையாளரும் குழுவும் மட்டும் படிக்க, எழுத) ஆக்கி, பயனரை அந்தக் குழுவில் சேர்க்க வேண்டியிருந்தது.

லாகின் செய்வதற்கு முன்பே தொட்டி நிரம்பியிருந்தால்? குட்டி நிரல் இணைந்த உடனேயே டீமன் அப்போதைய நிலையை ஒருமுறை அனுப்பும்படி வைத்திருக்கிறேன். அப்புறம் மட்டம் மாறும்போது மட்டும் பேசும்.