செகண்ட் ஹேண்ட் 85 மி.மீ. லென்ஸ் வாங்கிய அனுபவம்: ஒரு டார்ச், நாலு செய்தித்தாள்

சபாவில் நடனத்தைப் படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே ஃப்ளாஷ் போட விடமாட்டார்கள். போடக் கூடாது என்பதுதான் என் கட்சியும். ஆடுகிறவரின் கண்ணில் பளீரென்று ஒளி அடித்தால் அடவு தப்பிவிடும். மேடையில் இருக்கிற வெளிச்சத்தை வைத்துத்தான் எடுத்தாக வேண்டும். அதற்கு அகலமாகத் திறக்கிற லென்ஸ் தேவை. என்னிடம் கேனன் 6டி கேமரா இருக்கிறது. மங்கலான வெளிச்சத்திலும் அதன் நடு ஃபோகஸ் புள்ளி தடுமாறாது. அதற்காக நான் தேடியது கேனன் இ.எஃப். 85 மி.மீ. எஃப்/1.8 யு.எஸ்.எம். இ.எஃப். என்பது உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி வைத்த கேனன் கேமராக்களுக்கான லென்ஸ் வரிசை. எஃப்/ என்பதற்குப் பின்னால் வரும் எண் சின்னதானால் திறப்பு பெரிது. 1992இல் வெளிவந்த லென்ஸ், எடை 425 கிராம்தான். நடனம் முழுக்கக் கையில் பிடித்திருந்தாலும் கை வலிக்காது.

கல்யாணப் போட்டோகிராபர்கள் பலர் மிரர்லெஸ்ஸுக்கு, அதாவது அந்தப் பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத கேமராவுக்கு, மாறிக்கொண்டிருப்பதால் இந்த மாதிரி இ.எஃப். லென்ஸ்கள் நிறைய விற்பனைக்கு வருகின்றன. வாங்குகிறவருக்கு இது நல்ல காலம். ஆனால் சென்னையில் பழைய லென்ஸ் வாங்குவதென்றால் முதலில் நினைவில் நிற்க வேண்டியது நம் ஊர் ஈரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பையை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, பொங்கலுக்கு எடுத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை வந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் வெளிக்கீறலைத்தான் பார்க்கிறார்கள். பெயின்ட் போயிருக்கிறதா, முன்கண்ணாடியில் கோடு இருக்கிறதா என்று கவலைப்படுகிறார்கள். படத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அதுவல்ல. முன்கண்ணாடியில் மெல்லிசாக ஒரு கீறல் இருந்தால் அது படத்தில் அநேகமாகத் தெரியவே தெரியாது. அதே கீறல் பின்கண்ணாடியில் இருந்தால் யோசிக்க வேண்டும். பூஞ்சை, உள்ளே படிகிற மங்கல், ஒரு மூலை மட்டும் தெளியாத கோளாறு, சரியாக மூடாத அப்பர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பைக் கூட்டிக் குறைக்கும் இதழ்கள்), இந்த நாலையும்தான் நான் தேடிப் போனேன்.

முதலில் நகரத்துக்குள் ஒரு கடையில் பார்த்தேன். லென்ஸ் புத்தம்புதிது போலிருந்தது. முன்கண்ணாடியில் ஒரு விரல் ரேகைகூட இல்லை. "நாலஞ்சு வருஷம்தான் சார் ஆச்சு" என்றார் கடைக்காரர். கேனனின் பழைய லென்ஸ்களில் பின்பக்கம், மவுண்ட்டை (கேமராவில் மாட்டுகிற வளையத்தை) ஒட்டி, பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். முதல் எழுத்து தொழிற்சாலை. யு என்றால் ஜப்பானில் உள்ள உட்சுனோமியா. இரண்டாவது எழுத்து ஆண்டு. ஏ என்றால் 1986, பி என்றால் 1987, அப்படியே வரிசையாகப் போய் இசட் 2011இல் முடியும். புதிய லென்ஸ்களில் இந்தக் குறியீடு இருக்காது. அவர் காட்டியதில் யு.டி. (UT) என்று இருந்தது. இந்த டி (T) என்றால் 2005. வயது ஒரு குற்றமில்லை, நன்றாக வைத்திருந்த பழைய லென்ஸ் தாராளமாக உழைக்கும். அவரிடம் விற்றவர் அப்படிச் சொல்லியிருக்கலாம். ஆனாலும் இனி எதையும் வாய்ச்சொல்லில் எடுக்க வேண்டாம் என்று டார்ச்சை வெளியில் எடுத்தேன்.

டார்ச் அடிப்பதில் ஒரு முறை இருக்கிறது. இரண்டு பக்க மூடியையும் கழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து சாய்வாக ஒளியை விட வேண்டும். முன்பக்கத்திலிருந்து, ஒளி நேரே கண்ணில் படாத கோணத்தில் பார்க்க வேண்டும். லென்ஸைக் கையில் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே கண்ணாடியின் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பார்வையைக் கொண்டுபோக வேண்டும். பிறகு முன்பக்கத்திலிருந்து ஒளியை விட்டுப் பின்பக்கமாகப் பார்க்க வேண்டும். கடையின் ட்யூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தால் போதாது. கொஞ்சம் இருட்டான மூலைக்குப் போனால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

இப்படிப் பார்த்தால் எந்த லென்ஸிலும் தூசு தெரியும், புதிதாகப் பெட்டியைப் பிரித்த லென்ஸிலும் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தூசு புள்ளி புள்ளியாக, தனித்தனியாக இருக்கும். பூஞ்சை அப்படி இருக்காது. ஓரத்தில் தொடங்கி, மெல்லிய நூலாகக் கிளைவிட்டுப் பரவும். அந்த லென்ஸில் உள்கண்ணாடி ஒன்றின் ஓரத்தில் அதுதான் இருந்தது. நகக்கண் அளவு இடம்தான். ஆனால் கிளைகள் தெளிவாகத் தெரிந்தன.

"தூசுதான் சார், கிளீன் பண்ணித் தந்துடறேன்" என்றார். நான் வேண்டாம் என்றேன். பூஞ்சை வெளியிடும் அமிலம் கண்ணாடிமேல் பூசியிருக்கும் கோட்டிங்கை அரிக்கும். துடைத்தால் நூல் போகும், அரித்த தடம் போகாது. உள்ளே இருக்கிற கண்ணாடி என்பதால் லென்ஸைப் பிரித்தாக வேண்டும். பிரித்து மாட்டும்போது கண்ணாடிகளின் மையம் இம்மி விலகினாலும் ஒரு மூலை தெளியாமல் போகும். விலையை எவ்வளவு குறைத்தாலும் அந்தத் தொல்லை எனக்கு வேண்டாம் என்று தோன்றியது.

அப்புறம் ஓ.எல்.எக்ஸில் ஒரு விளம்பரம். தாம்பரம் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஓர் அண்ணன், கல்யாண ஆர்டர்கள் எடுப்பவர். ஃபோனில் சில கேள்விகள் கேட்டேன். ஏன் கொடுக்கிறீர்கள், ஒரிஜினல் பில் இருக்கிறதா, இதுவரை பிரித்துச் சர்வீஸ் பார்த்ததுண்டா, மழைக்காலத்தில் எங்கே வைப்பீர்கள். கடைசிக் கேள்விக்கு அவர், "ஏர்டைட் டப்பாதான் தம்பி, உள்ள சிலிக்கா ஜெல் போட்டிருக்கேன். நீலம் ரோஸ் ஆயிட்டா மாத்திடுவேன்" என்றார். ஜெல்லின் நிறம் மாறுவதைக் கவனிக்கிறவர் என்று தெரிந்ததும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. என் கேமரா பாடியில் போட்டுப் பார்க்க நேரம் வேண்டும் என்று முன்னாலேயே சொல்லி, பகல் வேளையாகப் பார்த்துப் போனேன்.

பையில் எடுத்துப் போனவை: முழு சார்ஜில் 6டி, காலி கார்டு, டிரைபாட், டார்ச், 58 மி.மீ. ஃபில்டர் ஒன்று, செல்லோடேப், லேப்டாப், சின்னக் கைக்கண்ணாடி. அவரிடம் நாலு நாள் செய்தித்தாள் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முதலில் ஃபில்டர். இந்த லென்ஸுக்கு 58 மி.மீ. மரை. லென்ஸ் எப்போதாவது கீழே விழுந்திருந்தால் முன்விளிம்பு லேசாக நசுங்கியிருக்கும். நிமிர்த்திப் பெயின்ட் தொட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் ஃபில்டரை ஏமாற்ற முடியாது. நசுங்கிய இடத்தில் மரை கடிக்கும், சிக்கும். இதில் ஒரே சீராகச் சுழன்று உட்கார்ந்தது. மவுண்ட்டில் இருக்கும் ஸ்க்ரூக்களின் தலையையும் பார்த்தேன். வழுக்கிய தடம் இருந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதில் இல்லை. இந்த லென்ஸ் ஃபோகஸ் செய்யும்போது முன்பகுதி நீளாது, சுழலவும் செய்யாது. அதனால் முன்பகுதியைப் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கவே கூடாது. ஆடவில்லை.

பிறகு டார்ச். தூசு இருந்தது, நூல் இல்லை. மங்கல் இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தேன். இது பூஞ்சையைவிடச் சூதானமாகத் தேட வேண்டிய கோளாறு. கண்ணாடிமேல் மெல்லிய படலமாக இருக்கும். சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. டார்ச் ஒளி உள்ளே போகும்போது மட்டும், அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெண்மையாகப் பரவும். மங்கல் உள்ள லென்ஸில் எடுத்த படத்தில் கறுப்பு கறுப்பாக இருக்காது, வெளிறிப்போயிருக்கும். மேடையில் பின்னணி இருட்டாகவும் ஆடுகிறவர்மேல் விளக்கும் இருக்கும்போது அது படத்தையே கொன்றுவிடும். சந்தேகம் தீர, ஸ்டூடியோ ஜன்னலைப் பின்னால் வைத்து அண்ணனையே ஒரு படம் எடுத்தேன். தலைமுடி கறுப்பாகவே வந்தது.

அடுத்தது அப்பர்ச்சர். இ.எஃப். லென்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தால் அப்பர்ச்சர் முழுசாகத் திறந்தபடிதான் இருக்கும், இதழ்கள் தெரியாது. இதழ்களைப் பார்க்க ஒரு வழி உண்டு. லென்ஸைப் பாடியில் மாட்டி, அப்பர்ச்சரை எஃப்/16 வைத்து, மவுண்ட் பக்கத்தில் இருக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்டு பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே லென்ஸைக் கழற்ற வேண்டும். இதழ்கள் மூடிய நிலையிலேயே நின்றுவிடும். திரும்ப மாட்டினால் திறந்துகொள்ளும். அவருடைய அனுமதி கேட்டுத்தான் செய்தேன். எட்டு இதழ்களும் காய்ந்திருந்தன. எண்ணெய் கசிந்திருந்தால் இதழ்மேல் பளபளவென்று ஈரத்தடம் தெரிந்திருக்கும்.

இதோடு விடக் கூடாது. இ.எஃப். லென்ஸ்களில் அப்பர்ச்சருக்குப் போகும் மெல்லிய பட்டைக் கேபிள் நாள்பட்டு அறுவதுண்டு. அப்படி அறுந்த லென்ஸ் முழுத் திறப்பில் அழகாகப் படமெடுக்கும். எஃப்/8 வைத்ததும் கேமரா எர்ரர் 01 காட்டும். அதனால் எஃப்/1.8, 2.8, 5.6, 11, 16 என்று ஒவ்வொன்றிலும் எடுத்தேன். அதற்கேற்ப ஷட்டர் வேகத்தை மேனுவலில் மாற்றிக்கொண்டே போனேன். எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் வந்தால் இதழ்கள் நேரத்துக்கு மூடுகின்றன என்று பொருள். வந்தன.

எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை செய்தித்தாள் சோதனைதான். வரி விளம்பரப் பக்கங்களை எடுத்து, சுவரில் ஃபிரேமின் நாலு மூலைக்கும் வருகிற மாதிரி செல்லோடேப்பில் ஒட்டினேன். கேமரா சுவருக்கு நேராக நிற்பதுதான் இதில் முக்கியம். கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு பக்கம் மங்கி, குற்றம் லென்ஸின்மேல் விழும். அதற்குத்தான் கைக்கண்ணாடி. சுவரில் நடுவே அதைத் தட்டையாக ஒட்டி லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பார்த்தேன். கேமராவின் லென்ஸ் தன் பிம்பத்தை ஃபிரேமின் சரி நடுவில் பார்க்கிறதென்றால் கேமரா நேராக நிற்கிறது. டிரைபாட் தலையை அந்த நிலைக்குத் திருகி இறுக்கினேன். லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிய துண்டுத்தாளின் எழுத்தில் ஃபோகஸ் வைத்து, இரண்டு நொடி டைமரில் எஃப்/1.8, எஃப்/4 இரண்டிலும் எடுத்தேன்.

லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். எஃப்/1.8இல் நாலு மூலையும் மென்மையாக இருந்தன, ஒரே அளவுக்கு. அது இந்த லென்ஸின் இயல்பு. எஃப்/4இல் "வீடு வாடகைக்கு" என்ற பொடி எழுத்து நாலு மூலையிலும் படிக்க வந்தது. ஒரு மூலை மட்டும் மங்கியிருந்தால் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்று எடுக்க வேண்டும். மங்கல் ஃபிரேமின் அதே மூலையில் வந்தால் லென்ஸ் கோளாறு. அதே தாளோடு ஒட்டிக்கொண்டு வந்தால் சுவரோ ஒட்டியதோ சரியில்லை.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். முழுத் திறப்பில், வெள்ளைச் சட்டையின் ஓரத்தில் ஊதா நிறக் கோடு வந்தது. இந்த 85இல் அது பிறவியிலேயே உண்டு, நல்ல லென்ஸிலும் வரும். வாங்கப்போகும் லென்ஸின் சுபாவத்தை முன்கூட்டிப் படித்துவிட்டுப் போகாவிட்டால், நல்ல பொருளைக் குறை சொல்லிவிட்டு வருவோம். விற்கிறவருக்கும் அது மனவருத்தம்.

ஆட்டோஃபோகஸ் விஷயம் சீக்கிரம் முடிந்தது. இந்த லென்ஸ் ஃபோகஸ் ஆகிற மிகக் கிட்டத்துத் தூரம் 85 செ.மீ. அங்கிருந்து ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தண்ணீர்த் தொட்டி வரை பலமுறை ஓட்டினேன். மோட்டார் திக்கவில்லை, கரகரப்பில்லை. ஆனால் வ்யூஃபைண்டரில் (கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரத்தில்) ஃபோகஸ் செய்த படம், லைவ் வியூவில் செய்ததைவிடக் கொஞ்சம் முன்னால் நின்றது. 6டியில் இதற்கென்று மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் இருக்கிறது. ஒவ்வொரு லென்ஸுக்கும் இருபது படி முன்னும் பின்னும் திருத்தலாம். நாலு படி பின்னால் தள்ளியதும் இரண்டும் ஒன்றாக வந்தன. 1500டி மாதிரி தொடக்க நிலைக் கேமராக்களில் அந்த வசதி கிடையாது. அதை வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைத் தங்கள் பாடியில் செய்யாமல் பணம் கொடுக்கக் கூடாது. மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் இந்தக் கவலை இல்லை.

அவர் பதினெட்டாயிரம் சொல்லியிருந்தார். ஹூட் (பக்கவாட்டு ஒளியைத் தடுக்க லென்ஸின் முன்னால் மாட்டுவது) இல்லாததைச் சொல்லி ஆயிரம் குறைத்துக் கேட்டேன், ஒத்துக்கொண்டார். கூடுதலாகப் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை. பொறுமையாக இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தவர், எதையும் மறைக்காதவர். பழைய பில்லோடு, லென்ஸின் சீரியல் எண்ணை எழுதி, விற்றதாக ஒரு தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். திருட்டு லென்ஸ்கள் சந்தையில் சுற்றுவதால் அந்தத் தாள் அவருக்கும் நல்லது, எனக்கும் நல்லது.

கிளம்பும்போது, "தம்பி, அந்த டார்ச்ச வெச்சு மத்ததையும் ஒரு தடவ பார்த்துச் சொல்லிட்டுப் போங்க" என்றார். டப்பாவில் இருந்ததெல்லாம் சுத்தமாக இருந்தன. பையிலேயே கிடந்த ஒரு பழைய ஜூமில் மட்டும் ஓரத்தில் நூல் கிளைவிடத் தொடங்கியிருந்தது. அதை மற்ற லென்ஸ்களோடு சேர்க்காமல் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மறுநாளே சர்வீஸுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.