ஸ்விட்ச்சை மாற்றினேன், கிராஃப் வரவில்லை

போன வாரம் மூன்றாவது மாடி ரேக்கில் ஒரு சிஸ்கோ ஸ்விட்ச் மின்வெட்டுக்குப் பிறகு எழவில்லை. கையிருப்பில் இருந்த அதே மாடலை மாட்டி, பேக்கப் கான்ஃபிக்கை ஏற்றினேன். விலேன் (நெட்வொர்க்கைத் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிப்பது) எல்லாம் சரி, ஐபி போன்கள் பேசின, பிங் போனது. எஸ்என்எம்பி என்ற நெறிமுறை வழியாக ஸ்விட்ச்சின் நிலையைக் கேட்டு கிராஃப் போடும் மானிட்டரிங் திரையில் மட்டும் அந்த ஸ்விட்ச் சிவப்பாகவே நின்றது.

எஸ்என்எம்பி கேள்விகள் போகும் யூடிபி 161 எங்கோ அடைபட்டிருக்கிறது என்று நினைத்து ஏசிஎல் (எதை விடலாம், எதைத் தடுக்கலாம் என்ற பட்டியல்), ஃபயர்வால் என ஒரு மணி நேரம் தேடினேன். அப்புறம்தான் சர்வரிலிருந்து எஸ்என்எம்பி-யில் தகவல் கேட்டுப் பார்க்கும் எஸ்என்எம்பிவாக் கட்டளையை ஓட்டினேன். 'அன்னோன் யூசர் நேம்' (இந்த யூசரைத் தெரியாது) என்று பதில் வந்தது. பதில் வருகிறதென்றால் பாதை திறந்துதான் இருக்கிறது. ஸ்விட்ச்சில் 'ஷோ எஸ்என்எம்பி யூசர்' அடித்தால் ஒன்றுமே இல்லை.

நாங்கள் வைத்திருப்பது எஸ்என்எம்பி வி3, யூசரும் பாஸ்வேர்டும் உள்ள பதிப்பு. சிஸ்கோவின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸில் வி3 யூசர் வரி ரன்னிங் கான்ஃபிக்கில் (இப்போது ஓடும் கான்ஃபிக்) தெரியாது. அதனால் பேக்கப்பிலும் இருக்காது. யூசர்களின் உரிமையைச் சொல்லும் குரூப் வரி இருக்கும், எதைப் பார்க்கலாம் என்று சொல்லும் வியூ வரி இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எல்லாம் வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். யூசரின் சாவி, பாஸ்வேர்டையும் அந்தப் பெட்டிக்கே உரிய அடையாளமான எஞ்சின் ஐடியையும் சேர்த்து உருவாகிறது. பெட்டி மாறினால் ஐடியும் மாறும், பழைய சாவி செல்லாது. அதுதான் இதன் பாதுகாப்பே.

"அண்ணா, வி2சி-ல பப்ளிக்னு போட்டுட்டா ரெண்டு நிமிஷ வேலைதானே?" என்றான் கூட இருந்த தம்பி. வி2சி பழைய பதிப்பு; அதில் யூசர் கிடையாது, கம்யூனிட்டி என்ற ஒரு சொல்தான் பாஸ்வேர்டு மாதிரி. லேப் ஸ்விட்ச்சில் அப்படியே போடச் சொல்லி, நெட்வொர்க்கில் போவதைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் ஒரு பாக்கெட்டைத் திறந்து காட்டினேன். கம்யூனிட்டி என்ற இடத்தில் 'பப்ளிக்' என்ற சொல் மறைக்கப்படாமல் அப்படியே இருந்தது. வி3-இல் ஆத்பிரிவ் (சரிபார்ப்பும் குறியாக்கமும் சேர்ந்தது) வைத்து, சரிபார்ப்புக்கு எஸ்ஹெச்ஏ, குறியாக்கத்துக்கு ஏஇஎஸ் 128 கொடுத்தால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. அவன் அதற்குமேல் கேட்கவில்லை. யூசர் வரியை அவனே அடித்தான், கிராஃப் வந்துவிட்டது.

டிராப், அதாவது ஸ்விட்ச் தானாக அனுப்பும் எச்சரிக்கை, மட்டும் பாக்கி. தகவல் கேட்கும்போது சர்வர் புது எஞ்சின் ஐடியைத் தானே தெரிந்துகொள்ளும். டிராப்பை அனுப்புவது ஸ்விட்ச் என்பதால், டிராப் வாங்கும் சர்வரில் புது ஐடியை நாமே எழுத வேண்டும். எழுதிவிட்டு ஒரு போர்ட்டை ஷட் செய்து பார்த்தோம். டிராப் வரும் யூடிபி 162-இல் லிங்க் டவுன் என்ற செய்தி வந்து விழுந்தது.

இப்போது யூசர் வரிகளை பாஸ்வேர்டு பெட்டகத்தில் தனியாக வைத்திருக்கிறேன். எஞ்சின் ஐடியை நீங்களே கையால் கொடுப்பதாக இருந்தால் அதை முதலில் அடியுங்கள், யூசரைப் பிறகு. மாற்றி அடித்தால் யூசரை மறுபடி உருவாக்க வேண்டியிருக்கும்.